மதுரை செல்லூரில் ஒரு சலூன்: பாதித் தலையோடு எழுந்து போனவன் எழுதும் விமர்சனம்

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. "எழுதுறதுன்னா எழுதிக்கங்கண்ணே, பேரு மட்டும் வேணாம். மறுபடி எவனாச்சும் வந்து நிப்பாய்ங்க" என்று கடைக்காரத் தம்பி சொல்லிவிட்டார். தேடிப் போகிறவர்களுக்கு ஒரு அடையாளம் மட்டும் தருகிறேன். செல்லூரில் கபடி வீரர்கள் சிலை இருக்கிற ரவுண்டானாவைத் தாண்டி, குலமங்கலம் ரோட்டை ஒட்டிய சந்துகளில் தறிச் சத்தம் கேட்கும் பக்கமாக வாருங்கள். மூன்று நாற்காலி போட்ட சின்னக் கடை. உள்ளே இடது பக்கக் கண்ணாடியை ஒட்டி ஒரு ஆணியில் செத்துப்போன டிரிம்மர் ஒன்று தொங்கும். அதன் கழுத்தில் நூல் கட்டி ஒரு அட்டைச் சீட்டு. சீட்டில் மை வெளுத்துப்போன ஒரு குற்ற எண், பக்கத்தில் 2020 என்று வருஷம். அந்தக் கடைதான்.

டிரிம்மர் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் முடிவெட்டு.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். இந்தத் தம்பியின் கை சீப்பும் கத்தரியும் பிடித்த கை. காதுக்கு மேலே சீப்பை நிறுத்தி, முடியை விரலால் எடுத்து, கத்தரி நுனியால் கொறிக்கிற மாதிரி ஒரு வேலை செய்வார். மூன்று வாரம் கழித்தும் தலை அடங்கிக் கிடக்கும். என் தலையில் இரண்டு சுழி. இருபது வருஷத்தில் எத்தனையோ கடையில் உட்கார்ந்திருக்கிறேன், பின்பக்கச் சுழியில் முடி கொண்டை மாதிரி நிற்காமல் வெட்டியது இவர் ஒருவர்தான். சவரத்துக்கு முன்னால் பிளேடை உங்கள் கண்ணெதிரில் உறை பிரித்து இரண்டாக ஒடித்துக் கத்தியில் மாட்டுவார். முடிந்ததும் படிகாரக் கல். வாசனைத் தண்ணீர் எல்லாம் கேட்டால் மட்டும்.

குறை இல்லாமல் இல்லை. நடு நாற்காலியின் பம்ப் போய் மூன்று வருஷம் ஆகிறது, ஏறவே ஏறாது. உயரமானவர்கள் அதில் உட்கார்ந்தால் தம்பி குனிந்து குனிந்து வெட்ட வேண்டும், அவர் முதுகு வலியில் அவசரப்படுவது நம் கிருதாவில் தெரியும். இடது நாற்காலி காலியாகும்வரை காத்திருங்கள். தலைக்கு மேலே இருக்கிற மின்விசிறி வெட்டின முடியை எல்லாம் பெஞ்சில் காத்திருப்பவர் மேல் தள்ளும். கேட்காமலேயே தலையில் இரண்டு தட்டுத் தட்டிக் கழுத்தை நெட்டி முறிக்க வருவார். வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிடித்த பிறகு சொன்னால் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார வேண்டும், பழைய தினத்தந்தி இரண்டு நாள் பேப்பர் படித்துவிடலாம். உதவிக்கு இருக்கிற மருமகன் பையன் மெஷின் வேலை நன்றாகச் செய்வான், கத்தரி இன்னும் பழகவில்லை.

வெட்டு 150, சவரம் 70. டை நீங்கள் வாங்கிப் போனால் போட்டுவிட 100. 2020-க்கு முன்னால் வெட்டு 100 ரூபாயாக இருந்தது. ஏறினது நியாயம்தான்.

இப்போது டிரிம்மர். இந்த விஷயத்தில் நான் நடுநிலைக்காரன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வழக்கில் கடைக்காரர் பெயர் மட்டும் இருக்கிறது. இருந்திருக்க வேண்டிய இன்னொரு பெயர் என்னுடையது.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வக்கீலிடம் இருபத்தாறு வருஷமாகக் குமாஸ்தா. கட்டுத் தூக்கி, வாய்தாத் தேதி குறித்து, நகல் மனுப் போட்டே காலம் போனது. செக்ஷன் நம்பர் எல்லாம் ரேஷன் கார்டு நம்பரைவிட நன்றாக நினைவில் நிற்கும். அதுதான் வினையாகிப் போனது.

2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் மாநிலத்தின் முதல் கொரோனா மரணம் நம் ராஜாஜி ஆஸ்பத்திரியில். இறந்தவர் நம் ஊர்க்காரர். அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது, தம்பிக்கும் இருந்தது. யாரும் சொல்லாமலேயே கடையைச் சாத்தினவர் அவர். ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு 1,000 வந்தது. பிறகு முடிதிருத்துபவர்களுக்கு 2,000 நிவாரணம். கடை வாடகை 4,500. வங்கிக் கடனுக்குத் தவணை தள்ளிவைத்தார்கள், மூன்று மாதம் என்றார்கள், இன்னும் மூன்று மாதம் என்றார்கள். தினத்தண்டல்காரர் எந்த ரிசர்வ் வங்கிக்கும் கட்டுப்பட்டவர் இல்லையே. அவர் மாஸ்க் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

மே 7-ஆம் தேதி அரசு மதுக்கடை திறந்தது. மறுநாளே ஐகோர்ட் மூடச் சொன்னது, சுப்ரீம் கோர்ட் தடை கொடுத்து 16-ஆம் தேதி மறுபடி திறந்தது. டீக்கடைக்குப் பார்சல் மட்டும் என்று மே 11. கிராமத்து சலூனுக்கு மே 19. எங்கள் மாநகராட்சி சலூனுக்கு மே 24. "குடிக்கிறவன் வரிசையில நிக்கலாம், ஒருத்தன் தலைய இன்னொருத்தன் தொடக் கூடாது" என்று தம்பி சொன்னதை நான் மறக்கவில்லை. கோபமாகச் சொல்லவில்லை, கத்தரியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். தலையைத் தொடாமல் முடி வெட்ட முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

திறந்த கையோடு விதிகளும் வந்தன. வருகிறவர் பெயர், விலாசம், போன் நம்பர், ஆதார் எண் எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, மகளை விட்டுத் தலைப்பு எழுத வைத்தார். ஆதார் கார்டைக் கொடுத்து முடி வெட்டிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது என்று பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கும். அந்த நோட்டு இன்னும் கடையில் சாமி படத்துக்குக் கீழே பலகையில் இருக்கிறது.

சரியாக ஒரு மாதம் ஓடியது. ஜூனில் பரவை மார்க்கெட்டில் தொற்று, பிறகு ஊரெல்லாம். 24-ஆம் தேதியிலிருந்து மதுரை மாநகராட்சி, பரவை, சுற்றி மூன்று ஒன்றியங்களுக்கு மறுபடி முழு ஊரடங்கு. முதலில் ஜூன் 30 வரை என்றார்கள், அப்புறம் ஜூலை 5, அப்புறம் 12, கடைசியில் 14.

நடுவில் சாத்தான்குளம். ஜூன் 19 ராத்திரி, அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி, செல்போன் கடை வைத்திருந்த பென்னிக்ஸின் அப்பா ஜெயராஜை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போன பென்னிக்ஸையும் உள்ளே வைத்தது. 22 ராத்திரி மகன் இறந்தார், 23 விடியக்காலை அப்பா. அந்த வழக்கின் விசாரணை பின்னால் எங்கள் மதுரைக் கோர்ட்டில்தான் நடந்தது. வராண்டாவில் அந்தக் கூட்டத்தைக் கடந்து போகிற நாளெல்லாம் எனக்குச் செல்லூர்க் கடையின் ஷட்டர்தான் ஞாபகம் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஜூன் 26, வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. நேரில் வர முடியாது, ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப் வீடியோவில் பெண் பார்க்கிறோம் என்றார்கள். என் தலை அப்போது சாமியார் தலை. மீசை முழுக்க நரை. பெண்ணைத்தான் பார்க்கிறார்கள், உங்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று வீட்டம்மா சொன்னார்கள். அந்த நேரத்தில் காதில் ஏறவில்லை. தம்பிக்கு போன் போட்டேன்.

"தம்பி, ஒரு அரை மணி நேரம். ஷட்டர இறக்கிட்டு முடிச்சிரலாம்."

"வேணாம்ணே. சாத்தான்குளத்துல என்ன நடந்துச்சுன்னு பாத்தீங்கள்ல?"

"அது வேற தம்பி. இது உத்தரவ மீறுன கேஸ், செக்ஷன் 188தான். 200 ரூவா ஃபைன். நான் எதுக்கு இருக்கேன், பாத்துக்கறேன்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. வாடகைக்காரர் அன்று காலையில்தான் வந்துவிட்டுப் போயிருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. "சரிண்ணே, காலைல பத்து மணிக்கு மேல வாங்க. பின்னாடி சந்து வழியா" என்றார்.

சனிக்கிழமை போனபோது உள்ளே நான் மட்டும் இல்லை. ஷட்டர் ஒரு அடி தூக்கியிருந்ததைப் பார்த்து ஒரு லோடுமேன் பையன் புகுந்துவிட்டான். பெஞ்சில் அதே தெருவில் இருந்த ஒரு வயசான நெசவாளர் ஐயா. அவருக்குச் சவரம் மட்டும். வந்தவரைப் போகச் சொல்லத் தம்பிக்கு வாய் வரவில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று என் மீசைக்கு முதலில் டையைத் தடவிவிட்டு, அது ஊறுவதற்குள் தலையை முடித்துவிடலாம் என்று டிரிம்மரை எடுத்தார். வலது பக்கம் காதுவரை இறக்கியாயிற்று.

தகரத்தில் லத்தி தட்டுகிற சத்தம் மெல்லியதுதான். மூன்று தட்டு. ரேடியோவை அணைத்தார், லைட்டை அணைத்தார். அது இன்னும் மோசம், ஏனென்றால் அணைத்ததே வெளியே கேட்டிருக்கும். அந்த இருட்டில் நாலு பேர் மூச்சும் கேட்டது. எல்லோருக்கும் மனதில் ஓடியது ஒரே ஊர்ப் பெயர்தான். லோடுமேன் பையன் என் போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான், பெரிய உடம்புக்காரன்.

"போலீஸ் வந்துட்டாய்ங்கண்ணே" என்று என்னைப் பார்த்துத்தான் தம்பி சொன்னார். நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா.

ஷட்டரைத் தூக்கினது எஸ்.ஐ.தான். சின்ன வயசு. தொண்டை கட்டிப்போய், கண் சிவந்து, ஒரு வாரமாகத் தூங்காத முகம். கையை ஓங்கவில்லை. பெஞ்சில் இருந்த ஐயாவைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வயசு? வீட்ல சொல்லுறதுக்கு ஆளே இல்லையா?" என்றார். பையனை விரட்டினார். என்னிடம் வந்து, "சார் என்ன பண்றீங்க?" என்றார்.

"கோர்ட்ல…" என்றேன்.

"கோர்ட்லயா? நீங்களே இப்பிடியா?" என்றார். அவ்வளவுதான். "கிளம்புங்க சார்" என்றார்.

நான் கிளம்பிவிட்டேன். அத்தனை வருஷம் படித்த செக்ஷன் ஒன்றுகூட வாயில் வரவில்லை. இவர் என்னால்தான் திறந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. போர்வையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, ஊறிக்கொண்டிருந்த மீசை மேலேயே முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வலது பக்கம் மொட்டையும் இடது பக்கம் காடுமாகச் சந்து வழியாக நடந்தேன்.

வீட்டுக்கு வந்து கவசத்தைக் கழற்றினால், மூக்குக்குக் கீழே தாடைவரை கரி பூசினது மாதிரி. டை முகமெல்லாம் இழுகிவிட்டது. தேங்காய் எண்ணெய், பல்பொடி, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டும் போகவில்லை. இடது பக்கக் காட்டை வீட்டம்மா தையல் கத்தரியால் ஒழுங்குபடுத்தினார்கள். மறுநாள் வீடியோவில் முகக்கவசத்தோடு உட்கார்ந்தேன். வீட்டுக்குள்ளேயும் கவசம் போட்டிருக்கிறாரே, ரொம்ப முன்னெச்சரிக்கையான குடும்பம் என்று மாப்பிள்ளை வீட்டார் பாராட்டினார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை, அது ஜாதக விஷயம்.

ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. முகம் அப்படி இருந்தது என்பது சாக்கு. வக்கீலுக்கு போன் போட்டேன், அவர் ஸ்டேஷனுக்குப் பேசினார். ஜாமீன் கையெழுத்துக்குத் தம்பியின் மச்சினன் போனார். சாயங்காலம் 6 மணிக்கு ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். அன்றைக்கு யார் எந்த ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தாலும் ஊர் கேட்ட கேள்வி ஒன்றுதான், நானும் அதையே கேட்டேன். "இல்லண்ணே, கை வைக்கல. மத்தியானம் சாப்பாடு வாங்கிக் குடுத்தாய்ங்க" என்றார். அவர் குரலில் இருந்த ஆச்சரியம் என்னைச் சுட்டது.

எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் என் 200 ரூபாய்க் கணக்கு எவ்வளவு அரைவேக்காடு என்று தெரிந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 188 இருந்தது. அதிலேயே, உத்தரவை மீறினதால் உயிருக்கு ஆபத்து வரக்கூடும் என்றால் 200 கிடையாது, ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். கூடவே 269, தொற்றுநோய் பரவும்படி அஜாக்கிரதையாக நடந்தது, அதற்கும் ஆறு மாதம் வரை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 51 வேறு, அதில் ஒரு வருஷம் வரை. தம்பி ஒவ்வொரு நம்பராக விரலை வைத்து, "இது எவ்வளவுண்ணே, இது எவ்வளவுண்ணே" என்று கேட்டார். விலைப் பட்டியல் பார்க்கிற மாதிரி.

டிரிம்மரை வழக்குச் சொத்தாக எடுத்துக்கொண்டு போனார்கள். 2,800 ரூபாய்ப் பொருள், வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புதுசு வாங்கக் காசில்லை. ஜூலையில் கடை திறந்தபோது அவர் அப்பா காலத்துக் கத்தரியை எண்ணெய் போட்டுச் சாணை பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு தலைக்குப் பத்து நிமிஷம் ஆன இடத்தில் அரை மணி நேரம். இளவட்டங்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். வயசானவர்கள் உட்கார்ந்தார்கள். கை மெல்ல மெல்ல அப்பா கையாக மாறியது. மேலே நான் புகழ்ந்தேனே, காதுக்கு மேலே கொறிக்கிற அந்த வேலை, அது அந்த ஏழெட்டு மாதத்தில் வந்தது. அதற்கு முன்னால் அவரும் மெஷினை ஓட்டித் தள்ளுகிறவர்தான்.

வழக்கு விஷயத்துக்கு வந்தால், 188-ஐப் பொறுத்தவரை சட்டம் தம்பி பக்கம் கொஞ்சம் இருந்தது. சம்பந்தப்பட்ட அதிகாரி எழுத்தில் புகார் கொடுத்தால்தான் கோர்ட் அதைக் கையில் எடுக்க முடியும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 195. போலீஸ் தானாகப் போட்ட 188 எஃப்.ஐ.ஆர்.களை உலகனேரியில் இருக்கிற நம் ஐகோர்ட் கிளை 2018-லேயே ரத்து செய்திருக்கிறது. ஆனால் அங்கே போய் ரத்து மனுப் போடுகிற செலவில் மூன்று மாத வாடகை கட்டிவிடலாம். "குத்தத்த ஒத்துக்கிட்டு ஃபைனக் கட்டிட்டு வந்துருப்பா, ஒரு நாள்ல முடிஞ்சிரும்" என்று பலர் யோசனை சொன்னார்கள். நான் மட்டும் கூடாது என்று நின்றேன். ஒத்துக்கொண்டால் அது தண்டனை, காலத்துக்கும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். என் வாழ்க்கையில் அவருக்குச் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது.

இந்த 188 இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 223 என்று வருகிறது. அபராதம் 2,500 வரை, உயிருக்கு ஆபத்து என்றால் 5,000 வரை. 200 ரூவாதானே என்று இனி எந்தக் குமாஸ்தாவும் யாரையும் ஏற்றிவிட முடியாது.

2021 பிப்ரவரி 19. கடையநல்லூரில் பிரசாரத்துக்குப் போன அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ஊரடங்கு மீறல் வழக்குகளை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். ஏறத்தாழ 10 லட்சம் வழக்கு. கலவரம் செய்தது, போலீஸை வேலை செய்ய விடாமல் தடுத்தது, பொய் சொல்லி இ-பாஸ் வாங்கினது, இவை மட்டும் விலக்கு. ஏப்ரல் 6-இல் தேர்தல் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். எதற்கு வந்தால் என்ன, வந்தது. அன்று ராத்திரி தம்பி எனக்கு இனிப்பு கொண்டுவந்தார். நானும் வாங்கித் தின்றேன். டிவியில் அறிவிக்கிறது வேறு, கட்டு மூடுகிறது வேறு என்று என் தொழிலில் இருக்கிற எந்தப் பையனுக்கும் தெரியும். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து டிரிம்மர் சீட்டோடு திரும்பி வந்தது. பேட்டரி போய்விட்டது. அதையே முடிவு என்று நினைத்துக்கொண்டோம். 2022-இல் சிங்கப்பூரில் ஒரு சலூனில் வேலை, சொந்தக்காரர் வழியாக. இரண்டு வருஷ ஒப்பந்தம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். விசாரணையில் வழக்கு நிலுவை என்று வந்து நின்றுவிட்டது. வாபஸ் ஆனதுக்குத் தாள் எங்கே என்று கேட்டார்கள். தாள் ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டுக்குப் போனதா, போய் எங்கே கிடக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. இந்த முறை நான் அலைந்தேன். மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்ற நோட்டீஸின் நகலை எடுத்துக் கொடுக்க மூன்றரை மாதம் ஆனது. அதற்குள் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்கண்ணே, அங்க போனா அங்கயும் தலைதான்" என்றார். செல்லூருக்கு லாபம். எனக்கு வாரம் ஒருமுறை போய் உட்காரும்போதெல்லாம் எதிர்க் கண்ணாடியில் சிங்கப்பூர் தெரியும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த விமர்சனம் பொய்யாகிவிடும். பெஞ்சில் சவரத்துக்காகக் காத்திருந்த நெசவாளர் ஐயா ஜூலை கடைசியில் ராஜாஜி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கொரோனாதான். ஜூன் 27-க்கும் அதற்கும் நடுவில் நாலு வாரத்துக்கு மேல் இருக்கிறது, அவர் ரேஷன் கடைக்குப் போனார், மருந்துக் கடைக்குப் போனார், பேத்தி வீட்டுக்குப் போனார். அன்று எங்களில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. இதை எல்லாம் நான் நாள் வாரியாகத் தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆறு மாதம் கழித்து, என் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது, எங்கோ பார்த்தபடி, "நம்ம கடையில இருந்தா இருக்குமோண்ணே?" என்றார். அந்த ஆதார் நோட்டைப் பிறகு ஒருநாள் நான் புரட்டினேன். ஜூன் 20-இல் ஐயாவின் பெயர் இருக்கிறது, மகள் எழுத்தில், விலாசத்தோடு. 23-ஆம் தேதியோடு எழுத்து நிற்கிறது. அடுத்த பக்கம் ஜூலை 15. நடுவில் 27 என்று ஒரு தேதி இல்லை, நாங்கள் யாரும் அங்கே வரவில்லை.

உத்தரவை மீறிக் கடை திறந்தவர்களை வீரர்கள் மாதிரி எழுதுகிறவர்களையும் படித்திருக்கிறேன், கொலைகாரர்கள் மாதிரி எழுதுகிறவர்களையும் படித்திருக்கிறேன். இந்தக் கடையில் ஷட்டரைத் தூக்கினது 4,500 ரூபாய் வாடகை. தூக்கச் சொன்னது ஒரு நரைத்த மீசை.

எதிரே இருக்கிற டீக்கடைக்கு 2021-இல் நடந்தது வேறு மாதிரி. முந்தைய செப்டம்பரிலேயே பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, மாஸ்க் போடாதவருக்கு 200, எச்சில் துப்பினால் 500, விதி மீறுகிற கடைக்கு 5,000 என்று ரேட் போட்டுவிட்டார்கள். மே 15-ஆம் தேதியோடு டீக்கடையே கூடாது என்றானது. அவர் பால்கேனைப் பின்பக்கம் வைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரசீது போட்டார்கள், 5,000. டீ அப்போது 10 ரூபாய், ஆக 500 டீ. ஜூன் 14-இல் பார்சலுக்கு மட்டும் திறந்தபோது, வருகிறவர்கள் பாத்திரம் கொண்டு வர வேண்டும் என்றதால் தெருவே தூக்குவாளியோடு நின்றது. கோர்ட்டும் இல்லை, கேஸும் இல்லை, பாஸ்போர்ட்டும் நிற்கவில்லை. கட்டின கையோடு முடிந்தது. சலூன் தம்பிக்கும் அன்றைக்கு அப்படி ஒரு ரசீது போட்டிருந்தால் அவர் கடன் வாங்கியாவது கட்டியிருப்பார். சலூனில் உட்கார்ந்துகொண்டே அந்தக் கடையில் டீ சொல்லலாம், கொண்டுவந்து கொடுப்பார்கள். இஞ்சி கொஞ்சம் தூக்கல்.

குறைத்த ஒரு நட்சத்திரம் நடு நாற்காலிக்கும் கழுத்து நெட்டிக்கும். மற்றபடி கை சுத்தம், கடை சுத்தம், பேச்சு அளவு. அரசியல் பேச மாட்டார். டிரிம்மரைப் பற்றிக் கேட்டால் "பழசு, ரிப்பேரு" என்று மட்டும் சொல்வார், தோண்டாதீர்கள்.

அந்தப் பாதி வெட்டுக்கு நான் இன்னும் காசு கொடுக்கவில்லை. ஒருமுறை பழைய ரேட்டில் நூறு ரூபாயைக் கல்லா மேல் வைத்தேன். "முடிக்காத தலைக்குக் காசு வாங்குனா வெளங்குமாண்ணே" என்று சட்டைப் பையில் திருப்பிச் செருகிவிட்டார்.

காலை 7 முதல் இரவு 9 வரை. மத்தியானம் 2-லிருந்து 4 வரை சாத்தியிருக்கும். செவ்வாய் விடுமுறை. வண்டி நிறுத்தச் சந்தில் இடம் இல்லை, மெயின் ரோட்டிலேயே போட்டுவிட்டு நடந்து வாருங்கள். டை போட்டுக்கொள்கிறவர்கள் மீசையைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.